செஞ்சோற்றுக் கடனும் எள்ளுநீர்க் கடனும்

நம்மவர் ஒருவரை மனமார வைய விரும்பும்போது மூன்று பெயர்கள் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. எட்டப்பன், காக்கை வன்னியன், வீடணன் என்பனவே அவை. முதலிரு பெயர்களும் வரலாற்றோடும் வழிவழி வந்த கதைகளோடும் தொடர்புடையவை. மூன்றாவது பெயர் முற்றிலும் காவியத்தில் பிறந்தது. பிள்ளைக்கு இராமன் என்று பெயரிடுவோர் உளர். இலங்கேசுவரன் என்று பெயரிடுவோரும் உளர். வீடணன் என்று பெயரிட்ட தமிழ்ப் பெற்றோரை நாம் இதுவரை கண்டதில்லை.

இனி, கொட்டாஞ்சேனையிலிருந்து களனி கங்கையைக் கடந்து சில மைல் தூரம் செல்வோமாக. களனி ரஜமகா விகாரையிலே அதே வீடணனுக்குத் தேவாலயம் உண்டு. சிங்கள பௌத்த மக்கள் அவனை இலங்கையின் காவல் தெய்வங்களுள் ஒருவனாக வைத்து வணங்குகின்றனர். பதினைந்தாம் நூற்றாண்டிலே, ஆறாம் பராக்கிரமபாகு கோட்டை இராச்சியத்தை ஆண்ட காலத்தில், தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் இயற்றிய செலலிஹினி சந்தேசய என்ற தூது நூல் இவ்வீடணனை நோக்கியே எழுந்தது. அரசன் மகளாகிய உலகுடைய தேவிக்கு ஒரு புதல்வனை அருளுமாறு களனித் தெய்வத்தை வேண்டிக் கோட்டையிலிருந்து ஒரு பறவை தூது செல்கிறது. அரசகுமாரியின் பெயரிலேயே தமிழொலி கேட்பதை வாசகர் கவனிக்கலாம்.

ஆற்றின் இக்கரையிலே வசைச்சொல்லாக வழங்கும் பெயர் அக்கரையிலே வழிபாட்டுக்குரிய பெயராக நிற்பது வெறும் சமய வேறுபாடன்று. தன்னை வளர்த்தவன் தவறு செய்யும்போது அவனோடு நின்று மடிவதா, அவனை விட்டு நீங்கி வாழ்வதா என்ற கேள்விக்கு இரு மக்கட் கூட்டத்தினர் அளித்த இரு விடைகளின் அடையாளம் அது. இந்நாட்டிலே இக்கேள்வி ஏட்டுக் கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. பலர் உயிரிழந்ததும், பலர் உயிரோடிருந்தே நாணித் தலைகுனிந்ததும் இக்கேள்வியின் பொருட்டே. ஆகையால் நமது இலக்கியம் இதுபற்றி உண்மையில் என்ன சொல்லிற்று என்பதைச் சற்று ஆறுதலாக நோக்குவது பயனுடைத்து.

செஞ்சோற்றுக் கடன் என்ற கருத்து மிகப் பழையது. பேராசிரியர் கைலாசபதி 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்த தமது ஆய்வு நூலில், சங்கப் பாடல்களை வீரயுகத்துப் பாடல்களாகக் கண்டு, கிரேக்கம் முதலிய பிறமொழிகளின் வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அந்த யுகத்தின் தலைவன் சோறிடுகிறான். கள்ளும் புலவும் அளிக்கிறான். கொள்ளைப் பொருளைப் பகிர்ந்து கொடுக்கிறான். உண்ட வீரன் தன் உயிரைத் திருப்பிக் கொடுக்கிறான். உண்ட பாணனும் புலவனும் புகழைத் திருப்பிக் கொடுக்கின்றனர். இது அன்றைய சமூகத்தின் கொடுக்கல் வாங்கல். இதனைப் பேணுவதற்காகவே மானம், பழி என்ற அளவுகோல்கள் கூர்மையாக்கப்பட்டன. மகன் புறமுதுகிட்டு மாண்டான் என்று பிறர் கூறக் கேட்ட கிழத்தாய், அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் எனச் சூளுரைத்துப் பிணங்களுக்கிடையே தேடிச் செல்லும் காட்சியைப் புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டுகிறார். மாண்டவனுக்கு நடுகல் எழுப்பப்பட்டது. மீண்டு வந்தவனுக்குக் கல்லுமில்லை, படையலுமில்லை.

ஆனால் இப்பாடல்கள் நம்மிடம் எவ்வாறு வந்து சேர்ந்தன என்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். தலைவனுக்காக மடிந்தவர் எவரும் இவற்றைப் பாடவில்லை. போர்க்களத்திலிருந்து மீண்டவர், பசியோடு அடுத்த ஊருக்கு நடந்தவர், பாலில்லாத மார்பைச் சுவைத்தழும் பிள்ளையை வீட்டில் விட்டுப் பரிசில் தேடிப் புறப்பட்டவர் ஆகியோரே இவற்றைப் பாடினர். பெருஞ்சித்திரனாரின் பாடல்களைக் கற்றோர் இவ்வறுமையை நன்கறிவர். விசுவாசத்தின் புகழை நமக்குத் தந்தது பிழைத்திருந்தவர்களின் நாவே.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. அந்தச் செஞ்சோறு யாருடையது? அரசனின் கையால் வந்ததனால் அது அரசனுடையதாகிவிடுமா? வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் சோழன் கிள்ளிவளவனிடம் சென்று, அவனது படை பெறும் வெற்றியெல்லாம் உழுபடையின் விளைவே என்று எடுத்துரைத்தார். அவர் பரிசிலாகப் பெற்றது யானையுமன்று, பொன்னுமன்று. நிலத்தின்மீது நிலுவையாயிருந்த பழஞ்செய்க்கடனை வீடுகொண்டார் எனப் பாட்டின் அடிக்குறிப்புச் சொல்கிறது. செஞ்சோற்றுக் கடனைப் பற்றி மேடைகளிலே முழங்குவோர் இச்செய்க்கடனைப் பற்றிப் பேசுவதை நாம் கேட்டதில்லை. சோற்றை விளைவித்தவனுக்குப் பட்டிருக்கும் கடன் ஒன்றுண்டு என்பதை அக்காலப் புலவர் ஒருவரே உணர்ந்திருந்தார் என்பது மனங்கொள்ளத் தக்கது.

கபிலரின் வரலாறும் ஈண்டு நினைவுக்கு வருகிறது. பறம்பை மூவேந்தரும் முற்றினர், பாரி மாண்டான். அவனது உயிர்த் தோழராகிய கபிலர் உடன் மடியவில்லை. தம்மை உடன் வரவிடாது, இங்கேயே இரும் என்று பாரி சொல்லிச் சென்றதைக் கபிலர் பிற்பாடு நொந்து பாடுகிறார். அவர் இருந்தார். தந்தையை இழந்த இரு பெண்களை அழைத்துக்கொண்டு, விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்று, அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டினார், மறுக்கப்பட்டார். ஈற்றில் அப்பெண்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்த பின்னரே வடக்கிருந்தார் எனப் புறநானூற்றுக் குறிப்புக் கூறுகிறது. திருக்கோவலூரிலுள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று அவர் தீப்புகுந்ததாகச் சொல்கிறது. முடிவு எவ்வாறாயினும், தோழன் இறந்த அன்றே இறப்பது கபிலருக்கு எளிதாயிருந்திருக்கும். அவர் மேற்கொண்டது கடினமான வேலை. அவமதிப்பைத் தாங்கிக்கொண்டு, வாயில்தோறும் நின்று, இறந்தவனின் பொறுப்பைத் தூக்கிச் சுமந்தார். பாரியிடம் அவர் கொண்ட விசுவாசம் அவர் வாழ்ந்த அந்த நாள்களிலேதான் தெரிகிறது.

இனிக் கம்பனிடம் வருவோம். தமிழ் மேடைகளிலே கும்பகருணனும் வீடணனும் எதிரெதிர்க் கட்சிக்காரராக நிறுத்தப்படுகின்றனர். பட்டிமன்றங்களில் ஒருவருக்கு வாதாடுவோர் மற்றவரைத் தூற்றியே ஆகவேண்டும் என்பது எழுதாத விதி. ஆனால் கம்பனின் கும்பகருணன் வதைப் படலத்தை எழுத்தெண்ணிப் படிப்போர் அங்கே அத்தகைய வழக்கு எதுவும் நடைபெறவில்லை என்பதைக் காண்பர்.

உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட கும்பகருணன் முதலிற் செய்வது தமையனுக்குப் புத்தி கூறுவது. சீதையை விட்டுவிடு, தம்பியோடு உறவு கொள் என்கிறான். அறிவுரை ஏற்கப்படவில்லை. தான் மாளப்போவதை அறிந்தே களம் செல்கிறான். அங்கே வீடணன் வந்து, இராமனிடம் வந்துவிடுமாறு அண்ணனை மன்றாடுகிறான். கும்பகருணன் மறுக்கிறான். சிந்தனையற்ற தலைவன் தீமை செய்ய எண்ணினால் திருத்தப் பார்க்கவேண்டும். திருத்த முடியாதபோது அவன் சோற்றை உண்டவன் அவனுக்கு முன்னே சாவதே முறை என்பது அவன் கூறும் நியாயம். இவ்வளவோடு நமது மேடைப் பேச்சாளர் நிறுத்திக் கைதட்டல் பெறுவர்.

கும்பகருணனோ அவ்விடத்தில் நிறுத்தவில்லை. தம்பியைப் பார்த்து, நீ அறத்தை மேற்கொண்டவன், நீ வாழ்வது உனக்குத் தகும். இந்தச் சாவு எனக்குப் புகழாகும் என்று இருவர்க்கும் இரு வழிகளை ஒப்புக்கொள்கிறான். அதற்கு மேலும் ஒரு படி செல்கிறான். நீ இராமனிடம் அடைக்கலம் புகுந்து பிழைக்காவிட்டால், நாங்கள் எல்லோரும் அம்பு மழையில் அழிந்த பின்னர் எங்களுக்குக் கையால் எள்ளும் நீரும் இறைத்துக் கடன் கழிப்பவர் யார் என்று கேட்கிறான். இறுதியில் வெட்டுண்டு வீழும் நிலையிலும் இராமனிடம் அவன் வேண்டும் வரங்களுள் ஒன்று, தம்பி வீடணனைக் காப்பாற்று என்பதே.

இக்கட்டம் நமது இலக்கியத்திலே மிகவும் உயர்ந்த இடங்களுள் ஒன்று என்று நாம் கருதுகிறோம். விசுவாசத்தின் திருவுருவாக நாம் போற்றும் அந்த வீரனே பிழைத்தவனுக்கு விடைகொடுக்கிறான். விடைகொடுப்பதோடு ஒரு வேலையும் கொடுக்கிறான். செஞ்சோற்றுக் கடனைத் தான் தீர்க்கிறான். எள்ளுநீர்க் கடனைத் தம்பியிடம் ஒப்படைக்கிறான். ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவுறாது என்பதை உணர்ந்தவன் கம்பன். பின்னர் இராவணன் வீழ்ந்தபோது அவன் உடல்மேல் விழுந்து புலம்புகிறவனும், அவனுக்கு ஈமக்கடன் செய்பவனும் வீடணனே. பிரிந்து சென்ற தம்பியைத் தவிர அதற்கு ஒருவரும் எஞ்சியிருக்கவில்லை.

இதனால் வீடணன் செய்தவையெல்லாம் குற்றமற்றவை என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ள வேண்டியதில்லை. நிகும்பலையில் இந்திரசித்து செய்த வேள்வியின் மர்மத்தை இலக்குவனுக்கு உணர்த்தியவன் அவன். தன் உயிரைக் காத்துக்கொள்வது வேறு. பிறர் உயிரை விலையாகக் கொடுத்துத் தன் உயிரைப் பெறுவது வேறு. நமது நாட்டிலே முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நிற்போரைக் காட்டித் தலையசைத்த ‘தலையாட்டி’களை மக்கள் மறக்கவில்லை, அவர்களிற் பலர் சித்திரவதைக்குள்ளாகியே அந்நிலையை அடைந்தனர் என்பதையும் மறக்கலாகாது. எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பதை ஆராயவேண்டும். ஆனால் எல்லைக்கோட்டின் இப்பாலுள்ள அனைவரையும், பிழைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக, அப்பால் தள்ளிவிடுவது அநீதியாகும்.

கம்பன் ஒன்றாகக் கண்ட இருவரையும் பிரித்தது பிற்கால அரசியல். புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இலே தடை நீங்கப்பெற்றது. ஆரிய மேன்மைக்கு எதிரான நியாயமான சினம் அந்நூலைப் பிறப்பித்தது என்பதை மறுக்க முடியாது. எனினும் அச்சினம் வீடணனை இனத்துரோகியாக நிலைநிறுத்தவும் உதவிற்று. 1964இல் வந்த கர்ணன் திரைப்படம் செஞ்சோற்றுக் கடனைக் கொட்டகைதோறும் கண்ணீரோடு கொண்டுசேர்த்தது. மறுபுறத்திலே, அண்மைக் காலத்தில் சிங்களத் தேசியவாதிகளும் இராவணனைத் தம் மூதாதையாக உரிமை கொண்டாடத் தலைப்பட்டனர். 2019இல் இந்நாடு விண்வெளிக்கு அனுப்பிய முதலாவது செயற்கைக்கோளுக்கு ‘இராவணா-1’ என்றே பெயர். இரு சாராரும் ஒரே அரசனுக்குப் போட்டியிடுகின்றனர். அவனுக்கு எதிரே நின்று, நீ செய்வது தவறு என்று சொன்ன தம்பியர் இருவரையும் அழைப்பார் இல்லை. கும்பகருணனும் அவ்வாறு சொன்னவனே என்பதை அவனைப் போற்றுவோர் மறந்துவிட்டனர்.

வெள்ளவத்தையிலே நாம் கற்பிக்கும் உயர்தர வகுப்பொன்றில் இப்படலத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், கும்பகர்ணன்தான் ஆம்பிளை. மற்றவன் உயிருக்குப் பயந்து ஓடினவன்” என்றான். வகுப்பிற் பெரும்பாலோர் அவன் பக்கமே. அப்போது பின்வாங்கிலிருந்த ஒரு மாணவி, “அவன் செத்தது சரி சேர். அவன்ர வீட்டில மிஞ்சியிருந்த ஆக்களுக்குப் பிறகு ஆர் சோறு குடுத்தது?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

வான்மீகத்திலே கும்பன், நிகும்பன் என்னும் அவனுடைய மைந்தரும் அதே போரில் மடிந்தனர் என்று நாம் விடை கூறினோம். அது அவள் கேட்ட கேள்விக்கு விடையன்று என்பதை அறிவோம். பின்னர் அவள் எழுதித் தந்த கட்டுரைக் கொப்பியிலிருந்தே அக்கேள்வியின் வேர் தெரியவந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வந்த குடும்பங்களுள் அவளுடையதும் ஒன்று. அவள் அப்போது தகப்பனின் தோளிலிருந்த குழந்தை. இப்போது தகப்பன் கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் வேலை செய்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவர் வீட்டிலேயே இருந்து, அவர் மனைவி பரிமாறிய சோற்றை உண்டுகொண்டு, “நீங்கள் கடைசிவரைக்கும் நிண்டிருக்க வேணும்” என்றாராம். தகப்பன் ஒன்றும் பேசவில்லை. அன்று முதல் அவர் பிறரோடு அந்நாள்களைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். “அப்பா பாலம் கடந்தபடியால்தான் நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்” என்று அப்பிள்ளை முடித்திருந்தாள்.

பத்தாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து ஒருவரை மடிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் துணிவு அந்த உறவினருக்கு எங்கிருந்து வந்தது? அவர் கொடியவரல்லர். நாம் எல்லோரும் கற்ற பாடத்தையே அவரும் கற்றார். அப்பாடத்தில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. அதை விட்டவர்கள் பாடநூலாசிரியர்கள், பேச்சாளர்கள், நம்மைப் போன்ற ஆசிரியர்கள். ஆகவேதான் இது இலக்கியப் பிரச்சினையாகிறது.

கொழும்புத் தமிழரைப் பொறுத்தவரை பிழைத்தல் என்பது தலைமுறைகளின் கலை. 1958இலும் 1977இலும் 1983இலும் இந்நகரத்துத் தமிழ்ப் பெண்கள் நெற்றிப் பொட்டை அழித்தனர். தாலியைச் சட்டைக்குள் மறைத்தனர். ஒரு சிங்களச் சொல்லைச் சரியாக உச்சரிக்க முடிந்தவர் வீதியைக் கடந்தனர்; முடியாதவர் கடக்கவில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பிறவிடங்களிலும் வீடிழந்தோர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமானநிலையத்திலும் தங்கி, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றனர். பொட்டை அழித்த அந்தப் பெண்மணி தன் இனத்துக்குத் துரோகம் செய்தாளா? அவளைத் தன் வீட்டு அறையில் ஒளித்துவைத்து, வாசலில் வந்து நின்ற கும்பலிடம் இங்கே தமிழர் இல்லை என்று பொய் சொன்ன சிங்கள அயலவளை நாம் என்னவென்பது? அக்கும்பலின் கணக்கிலே அவளும் தன் இனத்தைக் காட்டிக்கொடுத்தவளே. அவளைப் போன்றோர் இருந்தமையாலேயே இந்நகரத்தில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. களனித் தெய்வத்தின் குணம் அவளிடமிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

‘துரோகி’ என்ற சொல்லுக்குப் போரின் காலத்திலே தோட்டாவின் வலிமை உண்டாயிற்று. தமிழ் இயக்கமொன்றிலிருந்து விலகியவர்களில் ஒருவரான கோவிந்தன் அவ்வியக்கத்தின் உட்கொலைகளை எழுதிய ‘புதியதோர் உலகம்’ நாவல் 1985இல் வெளிவந்தது. ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான டொக்டர் ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். கவிஞர் செல்வி 1991இல் விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பி வரவில்லை. இவர்கள் எல்லோரும் தம் மக்களைக் கைவிட்டவர்களா? மக்களிடம் கொண்ட விசுவாசத்தினாலேயே தலைவரிடம் கொள்ளவேண்டிய விசுவாசத்தை மறுத்தவர்கள் அல்லவா? தெற்கிலும் இதே கதைதான். கவிஞரும் பத்திரிகையாளருமான ரிச்சர்ட் டி சொய்சா 1990 பெப்ரவரியில் கொழும்பிலுள்ள தம் வீட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தாயார் டொக்டர் மனோராணி சரவணமுத்து அஞ்சி ஒடுங்கிவிடவில்லை. மகனுக்காக மட்டுமன்றிக் காணாமற்போன சிங்களப் பிள்ளைகளுக்காகவும் அன்னையர் முன்னணிக்குத் தலைமை தாங்கினார். எள்ளுநீர்க் கடன் என்பது இத்தகையதே.

1991இல் தம் வாழ்வை முடித்துக்கொண்ட கவிஞர் சிவரமணி, அதற்கு முன் தம் கைவசமிருந்த கவிதைகளை எரித்துவிட்டார். நண்பர்களிடமும் இதழ்களிலும் எஞ்சியவற்றைச் சித்திரலேகா மௌனகுரு தொகுத்தமையாலேயே 1993இல் அவர் கவிதை நூல் நமக்குக் கிடைத்தது. தீயிலிருந்து தப்பிய தாள்களை ஒருவர் பத்திரப்படுத்தினார், இன்னொருவர் அச்சிட்டார். அவர்கள் உயிரோடிருந்தமையாலேயே அது முடிந்தது.

முற்போக்காளர்களாகிய நமது தரப்பையும் இவ்விடத்தில் தப்பவிடுவதற்கில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்ற இடதுசாரிக் கட்சிகள், பத்தாண்டுகள் கழித்து, 1966 ஜனவரி 8ஆம் திகதி, தமிழ்மொழி உபயோகத்துக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் நின்றன. வாக்குப் பெட்டியில் பிழைத்திருப்பதற்காகக் கொள்கையைக் கைவிட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கட்சி இட்ட சோறும் சோறுதான். அதை உண்ட எழுத்தாளன் கட்சி தவறும்போது வாய்திறவாதிருந்தால், அவனுக்கும் அரசவைப் புலவனுக்கும் வேறுபாடு சிறிது.

ஆயினும் அதே அணியிலிருந்து மாற்று உதாரணமும் கிடைக்கிறது. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்தோர் பஞ்சமர் வாழ்வை எழுதியபோது, ‘இழிசனர் இலக்கியம்’ என்ற ஏளனம் அவர்கள்மீது வீசப்பட்டது. சாதியைப் பற்றி எழுதித் தமிழர் ஒற்றுமையைக் குலைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் கூடவே வந்தது. கே. டானியல் 1972இல் ‘பஞ்சமர்’ நாவலை வெளியிட்டார். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்துச் சலூனிலே தாம் தொழில் செய்துகொண்டே 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். தம் தொழிலை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. போர் துரத்தியபோது ‘மல்லிகை’ கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையை அடுத்த ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து தொடர்ந்து வெளிவந்தது. ஊரைவிட்டு வந்தமையால் அவர் ஊரை மறந்தாரென எவரும் சொல்லவில்லை. இதழ்களைக் கையில் ஏந்திச் சென்று தாமே விற்று, வாசகர் கொடுத்த காசில் அடுத்த இதழை அச்சிட்டார். 2021இல் மறையும்வரை அவர் எந்த அரசனின் செஞ்சோற்றுக்கும் கடன்பட்டவரல்லர். அவர் கடன்பட்டிருந்தது வாசகருக்கும் தம்மைப் போலத் தாழ்த்தப்பட்டோர்க்குமே. உழவனுக்காக வாதாடிய வெள்ளைக்குடி நாகனாரின் வழி அது.

இன்றைய எழுத்தாளனுக்குச் சோறிடுவோர் பலர். அரசு பரிசளிக்கிறது, கட்சி மேடையளிக்கிறது, புலம்பெயர்ந்த செல்வர் நூல் வெளியீட்டுச் செலவை ஏற்கின்றனர். ஒவ்வொருவரும் தம் கதையில் யார் வீரன், யார் துரோகி என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துள்ளனர். அதை ஒப்புக்கொள்பவனுக்குப் பந்தியில் இடமுண்டு. எழுத்தாளனும் வயிறுள்ளவன், வாழ வேண்டியவன். பரிசு பெறுவதையும் உதவி பெறுவதையும் நாம் பழிக்கவில்லை. ஆனால் பந்தியில் அமருமுன் இந்தச் சோற்றை விளைவித்தவர் யார், இதன்பொருட்டு யாருடைய பெயர் மறைக்கப்படுகிறது என்று கேட்க வேண்டிய கடமை அவனுக்குண்டு.

இலக்கியத்தில் விசுவாசமும் பிழைத்தலும் பகைப்பொருள்கள் என்று கொள்வோர், மாண்டவர்க்காக மேலும் சிலர் மாளவேண்டும் என்ற முடிவுக்கே வந்து சேர்வர். அம்முடிவின் விலையை இந்நாடு செலுத்திவிட்டது. கும்பகருணன் தம்பியிடம் கேட்டது பழிக்குப் பழியன்று. தன்னைப் போல் சாகும்படியுமன்று. உயிரோடிரு, எங்கள் பெயரைச் சொல்லி நீர் இறை என்றே கேட்டான். இறந்தவர் பெயரைச் சொல்வதும், அவர் எவ்வாறு இறந்தார் என்பதைச் சொல்வதும், அவருடைய தலைவன் செய்த தவறையும் சேர்த்துச் சொல்வதும் அந்நீரில் அடங்கும். அது பிழைத்தவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

ஆகவே ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கும் எழுத்துத் தொழிலில் உள்ளோர்க்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை கும்பகருணனைக் கற்பிக்கும்போது அவன் தம்பிக்கு விடைகொடுக்கும் பகுதியை விட்டுவிடாது கற்பியுங்கள். பாலத்தைக் கடந்து வந்தவர்களைக் கதையில் எழுதும்போது, ஏன் கடந்தீர் என்று கேட்பதை விடுத்து, எதைக் கண்டீர் என்று கேளுங்கள். அவர்கள் கண்டதைச் சொல்லத் தொடங்கும் நாளிலேதான் நமது எள்ளுநீர்க் கடன் தீரத் தொடங்கும்.